வேகவைத்த பட்டும் நான்கு பிஸ்டன்களும்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து நான்கு பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். பழைய கார் ஒன்றுக்கு வீட்டிலேயே பிஸ்டன் வார்க்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டரில் படம் போட்டு, அதை இப்படியும் அப்படியும் சுற்றிக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "உங்க காலத்துல டேட்டா எதுவும் இல்லாம எப்படி சார் பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லையென்று யார் சொன்னது? எங்களுக்கும் இருந்தது, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் சூசை. ஊர் முசரவாக்கம். ஓய்வு பெற்றது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவிலிருந்து. வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, "இவர் தொழிலைக் கற்றது நம் தொழிற்சாலையில்தான்" என்று மேடையில் பேசினார்கள். பேசுகிறவர்களைக் குறுக்கிடுவது மரியாதையில்லை என்பதால் நானும் கைதட்டினேன். உண்மையில் நான் தொழிலைக் கற்றது பித்தளை மணியும் விளக்கும் வார்க்கிற ஒரு பட்டறையில். ஐந்து வருடம் மண் சலித்தேன், இரண்டு வருடம் அச்சு போட்டேன், கடைசி ஒரு வருடம்தான் உலோகம் ஊற்ற விட்டார்கள். அந்த எட்டு வருடத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. மண் சலிக்கிறவனின் ஒரு நாள் அடுத்த நாளைப் போலவேதான் இருக்கும்.

அறுபதுகளின் பின்பாதியில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் உள்ளே வருவதை சர்க்கார் இறுக்கிப் பிடித்திருந்த காலம். வெள்ளைக்காரன் போகும்போது கார்களை விட்டுவிட்டுப் போனான், அவற்றின் உதிரிச் சாமான்களைக் கையோடு கொண்டுபோய்விட்டான். ஊரில் பணக்காரர்களிடம் ஏழெட்டு இங்கிலீஷ் கார்கள் இருந்தன. பாதி நாள் கோணி போர்த்திக் கொட்டகையில் தூங்கும். அவற்றை எழுப்புவதுதான் மேஸ்திரியின் தொழில்.

மேஸ்திரி லேத்துக்காரர். இரும்பைக் கடைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மண்ணும் நெருப்பும் அவருக்குச் சுத்தமாக வராது. எனக்கு அது இரண்டும்தான் வரும். வீட்டின் பின்கட்டில் மாட்டுக்கொட்டகையை ஒழித்து உலை போட்டிருந்தார். நான் பின்சந்து வழியாக வருவேன், போவேன். வாடிக்கைக்காரர்களிடம், "எல்லாம் நானே பண்றதுங்க" என்பார். பிஸ்டன் என்பது என்ஜினுக்குள் மேலும் கீழும் போய்வருகிற, கவிழ்த்து வைத்த டம்ளர் போன்ற சாமான். நான் தண்ணீர் குடிக்க அந்த வீட்டில் தனி டம்ளர் உண்டு. அலுமினியம் மிஞ்சிய ஒரு நாளில் அதையும் நானே வார்த்துக்கொண்டேன். மேஸ்திரி கெட்டவரல்ல. அந்தக் காலத்து நல்லவர்.

அவரிடம் ஒரு வழக்கம். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "மேஸ்திரி, எப்ப ரெடியாவும்?" என்று கேட்டால், "எப்பக் கெட்டுப்போச்சு?" என்பார். "ஆறு மாசம் ஆச்சு" என்றால், "ஆறு மாசம் சும்மா இருந்தியே, ஆறு நாள் இருக்க மாட்டியா?" என்பார். யார் வந்தாலும் லேத்தை நிறுத்தமாட்டார், தலையையும் தூக்கமாட்டார். ஒரு வக்கீல் அரை மணி நேரம் அவருடைய முதுகோடு வாதாடிவிட்டுப் போனார்.

எங்கள் வேலைமுறையைக் கேட்டால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தேய்ந்துபோன பழைய பிஸ்டன்தான் மாதிரி. உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அதன் மேல் பழைய காலண்டர்த் தாளைப் பசைபோட்டு ஒட்டிப் பெரிதாக்குவோம். எத்தனை தாள் என்பது மேஸ்திரியின் ரகசியம். அவர் எண்ணும்போது பக்கத்தில் நின்றால் எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாலாற்று மண்ணை மல் துணியில் சலித்து, களிமண்ணும் வெல்லப்பாகும் கலந்து அச்சு போடுவேன். வெல்ல வாசனைக்குத் தெரு எறும்பெல்லாம் வந்துவிடும். உடைந்த பிஸ்டன்களை மூசை என்கிற உருக்குக் கலத்தில் உருக்கி, கைப்பிடி உப்புப் போட்டு அழுக்கை ஒதுக்கி, தென்னை ஈர்க்கை விட்டுப் பார்ப்பேன். ஈர்க்கு கருகிப் புகைந்தால் ஊற்றலாம். குப்பென்று பற்றிக்கொண்டால் சூடு அதிகம், பொறுக்க வேண்டும்.

தெருவில் யாராவது பாவு விரித்திருந்தால் உலை மூட்டக்கூடாது. இருநூறு அடி நீளத்துக்குப் பட்டு நூல் காலை வெயிலில் கிடக்கும்போது எங்கள் கரி போய் அதன் மேல் உட்கார்ந்தால் நெசவுக்காரர்கள் எங்களை உலையிலேயே போட்டுவிடுவார்கள். பாவைச் சுருட்டிய பிறகுதான் எங்களுக்கு நெருப்பு. ஆகவே சித்திரை மாதத்திலும் உச்சிவெயிலில்தான் உருக்குவேன்.

வார்த்த பிஸ்டனைக் கெட்டிப்படுத்த அதைக் கடலை எண்ணெயில் ஐந்து மணி நேரம் காய்ச்ச வேண்டும். மேஸ்திரியின் மனைவி தன்னுடைய இரும்புச் சட்டியைத் தரமாட்டேன் என்று சண்டை போடுவார். தெருவே மணக்கும். "மேஸ்திரி வூட்ல இன்னா விசேஷம், பலகாரமா?" என்று யாராவது எட்டிப்பார்ப்பார்கள். சட்டிக்குள் நாலு பிஸ்டன் கிடப்பதைப் பார்த்து முகம் தொங்கிப் போவார்கள்.

கடைசியில் அளவு. சூட்டில் பிஸ்டன் விரியும். அதனால் அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் மயிரிழை இடம் விட வேண்டும். அதிகம் விட்டால் வண்டி புகையாகக் கக்கும். குறைந்தால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்து, ஓடுகிற வண்டி அப்படியே நின்றுவிடும். 'சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். இந்த இடைவெளியை அளக்க மேஸ்திரியிடம் சீமைத் தகடு ஒன்று இருந்தது. அவர் மனைவி தையல் மிஷினில் சிக்கிய நூலை அதை வைத்து நெம்பப்போய் உடைந்தது. அன்றிலிருந்து மூன்று இழை முறுக்கிய கச்சாப் பட்டு நூல்தான் அளவுகோல். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அதை வைத்து இழுத்தால் அறாமலும் தொளதொளக்காமலும் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி லேத்தில் ஏற்றி ஒரு சீவல். சிரிக்காதீர்கள், ஏழெட்டு வண்டிகள் அந்த நூலில்தான் ஓடின. அதுதான் ஆணியில் தொங்கியது என்று சொன்னேனே, அது.

அளப்பது மேஸ்திரி மட்டும்தான். நான் தொடக்கூடாது.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்தவர் தாமோதரன். கறுப்பு இங்கிலீஷ் கார் வைத்திருந்தார். கோயில் உற்சவத்துக்கு மாலையும் பிரசாதமும் அந்தக் காரில்தான் போகும் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மகளுக்கு மாகறலைத் தாண்டி ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தன் காரில் அழைத்துவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கார் நாலு பிஸ்டனும் தேய்ந்து படுத்திருக்கிறது என்பது அதற்குப் பிறகு ஞாபகம் வந்து எங்களிடம் அனுப்பினார். வார்த்து, காய்ச்சி, கடைந்து முடித்தாயிற்று. கடைசிச் சீவலும் அளவும்தான் பாக்கி. அப்போது பார்த்து மேஸ்திரிக்குத் திருத்தணியில் மச்சான் வீட்டுச் சாவு. "வந்து பாத்துக்கறேன், தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே தாமோதரனின் டிரைவர் முனுசாமி வந்து நின்றான். "மொதலாளி நாளைக்கே வண்டி ஓணும்னு குதிக்கிறாரு. மேஸ்திரி இல்லேன்னா யாரு பண்றது?"

"மேஸ்திரி எல்லாம் பண்ணி வெச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்றேன். அந்த வீட்டில் புழங்கிப் புழங்கி எனக்கும் பொய் சரளமாக வந்தது. உள்ளூர ஆசை வேறு. இரண்டு வருடமாக அவர் சீவுவதையும் அளப்பதையும் பார்க்கிறேன், லேத்தில் ஒரு சீவல் எனக்கும் கைவந்திருந்தது. ஒரு தடவை நான் அளந்தால்தான் என்ன?

ஆணியிலிருந்த நூல் எண்ணெய் பட்டு நைந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு நெசவுக்காரம்மா மங்கம்மாவிடம் போய்க் கேட்டேன். தெலுங்கு பேசுகிற குடும்பம், வாரிக் கொடுக்கிற கை. "மேஸ்திரிக்கா நைனா? இரு, நல்லதா பாத்துத் தர்றேன்" என்று உள்ளே போய் ஒரு நூல் கொண்டுவந்தார். வெள்ளைவெளேரென்று பளபளத்தது. பட்டு கட்டிய குடும்பத்தில் பிறந்திருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பேன். எங்கள் வீட்டில் பட்டு கட்டியவர்கள் யாருமில்லை. நல்ல நூல்தான் என்று வாங்கிவந்தேன்.

நூல் நடுவில் வழுக்கிக்கொண்டு வரும்வரை நாலு பிஸ்டனையும் சீவினேன். அவ்வளவு சுகமாக மேஸ்திரியின் கையில்கூட வந்ததில்லை. கர்வமாக இருந்தது. முனுசாமியும் நானும் என்ஜினைப் பூட்டினோம், கிளம்பியது. புது பிஸ்டன் போட்ட வண்டியை முதல் ஐம்பது மைல் மெதுவாக ஓட்ட வேண்டும். அளந்தவர் முன்சீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு போக வேண்டும், சத்தம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். மேஸ்திரி அப்படித்தான் போவார். நானும் ஏறப் போனேன். முனுசாமி கதவைச் சாத்திக்கொண்டான். "நீ எங்கப்பா ஏறுற? மொதலாளி வண்டிபா இது" என்றான். இருபது மைல் வேகத்தைத் தாண்டாதே என்று ஜன்னல் வழியே சொன்னேன். தலையை ஆட்டினான்.

மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, நல்ல நேரம் முடிவதற்குள் வந்துசேர வேண்டும் என்று ஐம்பதில் மிதித்திருக்கிறான். மாகறலுக்கு இந்தாண்டை, மர நிழல்கூட இல்லாத இடத்தில், நாலு பிஸ்டனும் ஒன்றாகக் கவ்விக்கொண்டு வண்டி நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு வைக்கோல் வண்டியின் மேல் உட்கார்ந்து காஞ்சிபுரம் வந்துசேர்ந்தார். சகுனம் சரியில்லை, பத்து நாள் கழித்து அடுத்த முகூர்த்தத்தில் வருகிறோம், அப்போதாவது வண்டி ஓடுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

காரை மாடு கட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டார்கள். என்ஜினைப் பிரித்துப் பார்த்தேன். நாலு பிஸ்டனும் சுற்றிவரச் சிராய்த்துக் கிடந்தன. இறுக்கம். ஆனால் நூல் வந்ததே? மங்கம்மாவிடம் ஓடினேன்.

"அக்கா, நீங்க குடுத்தது எந்த நூலு?"

"வேக வெச்ச நூலுதான் நைனா. கச்சா முரடா இருக்குமே, மேஸ்திரிக்குப் போய் அதக் குடுப்பேனா?"

புழுவின் கூட்டிலிருந்து வருகிற பட்டில் ஒரு பசை உண்டு. அதோடு இருந்தால் கச்சா. விறைப்பாக, தடியாக இருக்கும். சவுக்காரத்தில் வேகவைத்துப் பசையைப் போக்கினால் பளபளப்பாக, மெலிந்துவிடும். கால் பங்கு எடையே போய்விடும். நான் மெலிந்த நூலை வைத்து அளந்து, வேண்டிய இடம் விடாமல் நிறுத்திவிட்டேன். மங்கம்மாவிடம் ஒரு கச்சா நூலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேஸ்திரி திருத்தணி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்போதுதான் வந்தார். நான் வாயெடுப்பதற்குள் பின்னாலேயே தாமோதரன் வந்துவிட்டார். வழக்கமாக முன்கட்டோடு நிற்கிறவர் அன்று கோபத்தில் நேராகப் பின்கட்டுக்கே வந்தார். நான் பிஸ்டனும் கையுமாக நின்றேன்.

"யாருப்பா நீ?"

"இங்க வேல செய்றேங்க. இந்த பிஸ்டன் நான் வார்த்ததுங்க."

"எந்த ஊரு?"

"முசரவாக்கம்."

"முசரவாக்கத்துல ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

"அந்தாண்டதாங்க."

மூன்று வார்த்தையில் ஒரு மனிதனை அளந்துமுடித்துவிடுகிற அந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாமோதரனின் முகத்தில் கோபம் போய் ஒரு தெளிவு வந்தது. வண்டி ஏன் நின்றது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் ஏகாம்பரம், எல்லாம் நீ பண்றேன்னுதான சொன்ன? சாமிக்கு மாலை ஏத்திக்கினு போற வண்டிய்யா அது. கண்டவன் கை பட்டா நடு ரோட்ல நிக்காம இன்னா பண்ணும்?"

மேஸ்திரி லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு நல்லது. தாமோதரன் எதிரில் மேஸ்திரி என்னை விரட்டுவார், நாலு நாள் கழித்துப் பின்சந்து வழியாகக் கூப்பிட்டுக்கொள்வார். அவருக்கு ஊற்றத் தெரியாது. வாயைத் திறந்தால் சொல்பேச்சு கேட்காமல் அளந்தது வெளியே வரும், வேலை நிஜமாகவே போகும். வீட்டில் குழந்தைக்குப் பால் வாங்குவது இந்தச் சம்பளத்தில்தான். ஆனால் எட்டு வருடம் மண்ணிலும் உலையிலும் கிடந்து, இரண்டு வருடம் இங்கே வெந்து, கடைசியில் ஒரு தப்பு செய்தால் அதைக்கூட நான் செய்ததாக விடமாட்டார்களா?

"மொதலாளி, என் கை பட்டதால நிக்கலீங்க. என் கை தப்பா அளந்ததால நின்னுச்சு" என்றேன். "மேஸ்திரி தொடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. நான்தான் தொட்டேன். ரெண்டு வருஷமா இந்த வூட்டு பிஸ்டன் எல்லாம் நான் வார்த்ததுதான். எதுவும் நிக்கல. இது நின்னதுக்குக் காரணம் இந்த நூலு."

நாலில் அடி குறைவாகப் பட்ட பிஸ்டனைத் துடைத்து சிலிண்டருக்குள் விட்டு, வெள்ளை நூலை வைத்து இழுத்தேன். வந்தது. கச்சா நூலை வைத்து இழுத்தேன். அறுந்தது. துண்டு இரண்டையும் அவர் முன்னால் நீட்டினேன்.

அந்தக் காலத்து வழக்கப்படி அவர் அதை வாங்கியிருக்கக்கூடாது. ஆனால் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரர் முன்னால் நூலை நீட்டினால் அவர் கை சும்மா இருக்காது. என் கையிலிருந்து எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். "இது வேக வெச்சது. இது கச்சா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நெசவாளிகளுக்கு எடை போடுவதில் அந்த இரண்டு நூலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை. அதை இல்லையென்று அவரால் சொல்ல முடியாது.

"சரி. நூலும் தப்பு, ஆளும் தப்பு. ரெண்டையும் மாத்து ஏகாம்பரம்."

மேஸ்திரி லேத்திலிருந்து திரும்பினார். "நூலு வேற இருக்குதுங்க. ஆளு வேற எங்க இருக்குது?"

அந்த மனிதரை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்காக அதிலே பாதியை விட்டுவிடலாம்.

முகூர்த்தத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. தாமோதரன் இறங்கிவந்தார், ஆனால் சும்மா இறங்கவில்லை. ஊற்றும்போது அச்சின் மேல் கோயில் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்றார். "தாராளமா தெளிங்க" என்றார் மேஸ்திரி. "உருக்கின அலுமினியத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா கூரை வரைக்கும் வெடிக்கும். நீங்க தெளிக்கறதானா நான் தெருக்கோடில போய் நிக்கட்டுமா?" ஊற்றிய அன்று தாமோதரன் வந்தார். செம்பை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலேயே நின்றார்.

அவர் போன பிறகு மேஸ்திரி என்னைக் கேட்டார். "உனக்குப் பட்டு தெரியாதா?"

"கட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும் மேஸ்திரி."

மேஸ்திரி ஆணியில் மாட்டியிருந்த புதுக் கச்சா நூலைக் காட்டி, "இந்தத் தடவ நீயே அளக்கறியா?" என்றார்.

இரண்டாவது தடவை கச்சா நூலை வைத்து நானே அளந்தேன். மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்தார், நூலைத் தொடவில்லை. என்ஜினைப் பூட்டி முடித்ததும் தாமோதரன் மேஸ்திரியைப் பார்த்து, "ஏறு ஏகாம்பரம், ஓட்டிப் பாத்துரலாம்" என்றார்.

"அளந்தது நானா?" என்றார் மேஸ்திரி. "அளந்தவன் உக்காந்து கேட்டாத்தான் வண்டிக்கு நான் பொறுப்பு. போன தடவ யாரு உக்காந்தாங்க?"

முனுசாமி தரையைப் பார்த்தான். தாமோதரன் வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வைக்கோல் மேல் வந்த காட்சி இரண்டு பேருக்கும் மறந்திருக்காது. பிறகு தாமோதரனே முன்கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிற முனுசாமியையும் என்னையும் நம்பிக் காரை அனுப்பவும் மனம் வராமல் அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

இருபது மைல் வேகத்தில் ராஜ வீதிக்குள் நுழைந்தோம். பட்டுக்கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். தாமோதரனின் கார் உயிரோடு வருகிறதா என்று பார்க்கத்தான் வந்தார்கள். முன்சீட்டில் அழுக்கு பனியனோடு நானும் பின்சீட்டில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு அவரும் போவதைப் பார்த்தார்கள். கடைக்குக் கடை ஒருவர் வணக்கம் வைத்தார். தாமோதரன் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டில் இறங்கிக்கொண்டே போனார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போகச் சொல்லேன்பா" என்று பின்னாலிருந்து மெல்லக் கேட்டது. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"புது பிஸ்டனுங்க மொதலாளி. இருபதுக்கு மேல கூடாதுங்க."

என்ஜின் சத்தம் சுருதி பிசகாமல் வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி முடித்தபோது முனுசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு சுற்று போகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அதற்கு அவசியமே இல்லை.